மாப்பிள்ளைக்கு ஒரு ஜோடி ஜுராப்

வோஷ்தாரா ஊரிலிருந்து அந்த மூட்டையை ஏற்றி வந்தவன் நான். அதனால் முதல் சந்தேகமும் என் தலையில்தான் விழுந்தது. இந்த ஆற்றங்கரைப் பாதையில் ஜீப் ஓட்டியே எனக்கு முடி நரைத்துவிட்டது. மணப்பெண், மாவு மூட்டை, கன்றுக்குட்டி, கோரோக் ஆஸ்பத்திரியிலிருந்து பிணம், எல்லாம் என் வண்டியில் ஏறி இறங்கியிருக்கின்றன. ஒரு பிடி மாவு குறைந்தது என்று எவனும் என்னிடம் வாய் திறந்ததில்லை. பக்கத்து வீட்டு ஓஷுர்மோ அக்கா திறந்துவிட்டாள்.

அன்று காலை கூரைமேல் ஏறிக் குதிரைமசால் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பனி விழுவதற்குள் மாட்டுத் தீவனத்தைக் கூரைக்கு ஏற்றிவிட வேண்டும். பஞ்ச் ஆற்றுக் காற்று கட்டுக்குக் கட்டு பாதியைப் பறித்துக்கொண்டு போனது. நான் காற்றைத் திட்டிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து குரல் வந்தது.

"அலிதாத்! எறங்கு கீழே."

"என்னக்கா? வேலையா இருக்கேன்."

"எறங்குன்னா எறங்கு. அங்கேருந்து கத்தாதே."

போனேன். உட்காரச் சொன்னாள். டீ வைக்கவில்லை. எங்கள் சர்தாம் ஊரில் எதிரி வந்தாலும் முதலில் டீ, அப்புறம்தான் சண்டை.

"வழியில எங்கெங்க நிறுத்தினே?" என்றாள்.

"பெட்ரோல் போட நிறுத்தினேன். சாவடியில போலீஸ்காரன் நிறுத்தினான். ஒண்ணுக்குப் போக நிறுத்தினேன். அதையும் எந்தப் பாறைன்னு சொல்லணுமா?"

"மூட்டை எங்க இருந்துச்சு?"

"முன் சீட்டுல. புதுப்பொண்ணு மாதிரி பெல்ட் போட்டு உக்கார வச்சிருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. "யாராச்சும் அதுல கை வச்சாங்களா? நீ வச்சியா?"

"அக்கா, என்ன கேக்குறேன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா?"

அவள் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். அடுக்கி வைத்திருந்த ரஜாய்ப் போர்வைகளுக்குப் பின்னாலிருந்து மூட்டையை இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்திருந்தது.

"பிரிச்சுட்டியா!"

"கத்தாதேன்னேன்ல. பக்கத்துல அவ காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பா."

'அவ' என்றால் சைத்தூனா. ஓஷுர்மோ அக்காவின் நாத்தனார், அவளுடைய செத்துப்போன புருஷன் மமத்ஷோ அண்ணனின் அக்கா. அவள் காதில் விழுந்த பேச்சு மறுநாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆப்கானிஸ்தானில் கேட்கும்.

ஜுராப் என்றால் கம்பளிக் காலுறை. கல்யாணப் பெண் தன் கையால் பின்னிய ஜுராப் மூட்டையை மாப்பிள்ளையின் அம்மா சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் பிரிக்க வேண்டும். ஆளுக்கொரு ஜோடி. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஜோடியைத் தூக்கிக் காட்டி, கையில் கொடுக்க வேண்டும். அதற்குமுன் திருட்டுத்தனமாகப் பிரித்துப் பார்த்தால், பெண் வீட்டை நம்பவில்லை என்று அர்த்தம். அந்த அவமானத்தை எந்தப் பெண் வீடும் பொறுக்காது.

"ஏன்க்கா இப்படிப் பண்ணினே?"

"நவ்ரூஸ்மோ வீட்டுலேர்ந்து வந்த மூட்டை. நான் எப்படிப் பிரிக்காம இருப்பேன், சொல்லு?"

அதுவும் சரிதான். மமத்ஷோ அண்ணனுக்கு முதலில் பேசி முடித்தது வோஷ்தாராவின் நவ்ரூஸ்மோவைத்தான். அவளும் எல்லாருக்கும் பின்னி அனுப்பினாள். சைத்தூனா சபையில் மூட்டையைக் கவிழ்த்து, "எங்க பெரிய சித்தப்பாவுக்கு ஜோடி எங்கே? எங்க ஆளுங்களை ஆளா மதிக்கலை" என்று சொல்லி அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம்தான் ஓஷுர்மோ மருமகளாக வந்தாள். நவ்ரூஸ்மோ கடைசிவரை எவனையும் கட்டிக்கொள்ளவில்லை. தங்கை செத்தபின் அவள் பிள்ளைகளை எடுத்து வளர்த்தாள். அந்தத் தங்கை மகள்தான் சவ்சன். இப்போது ஓஷுர்மோ அக்காவின் ஒரே மகன் ஷொத்மான் கட்டிக்கொள்ளப் போகிறவள். சவ்சனின் அண்ணனும் ஷொத்மானும் மாஸ்கோவில் ஒரே கட்டடத்தில் வேலை. அந்தப் பழக்கத்தில் வந்த சம்பந்தம். அம்மாவைக் கேட்காமல் பையனே பேசி முடித்துவிட்டான்.

அவள் ஒவ்வொரு ஜோடியாக எடுத்து விரித்தாள். அடாடா, என்ன வேலை! கெட்டிப் பின்னல். குதிகால் திரும்புகிற இடத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. வீட்டு ஆட்டுக் கம்பளி, வெங்காயத் தோலில் காய்ச்சிய மஞ்சள், அக்ரூட் தோலின் பழுப்பு. சைத்தூனாவுக்கு, சித்தப்பாக்களுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு, செத்துப்போன மமத்ஷோ அண்ணன் பேருக்கு ஒன்று. அதை ஊர் மதப் பெரியவர் கலீஃபா வாங்கிப் போட்டுக்கொள்வார்.

"இது பாரு," என்று தனியே கட்டிய சிலதைக் காட்டினாள். "எங்க வீட்டுக்காரரோட தாத்தாவுக்கு ஒரு தங்கச்சி, ஆத்துக்கு அந்தப் பக்கமே தங்கிப்போனாளே, அவ பேரப்புள்ளைங்களுக்கும் பின்னிருக்கா. எனக்கே பேரு பாதி தெரியாது. இவளுக்கு யார் சொன்னா? எதுக்கு எங்க வீட்டு வேரைத் தோண்டுறா?"

"நான்தான் சொன்னேன். சவ்சன் என் வண்டியில வரும்போதெல்லாம் கேப்பா. யாரு யாருக்கு என்ன முறை, எல்லை அடைச்சப்ப யாரு எந்தக் கரையில நின்னாங்கன்னு. தெரிஞ்சதைச் சொன்னேன்."

"நீ எதுக்குச் சொல்றே?"

"கேட்டா, சொன்னேன். போன தடவை ஒரு சித்தப்பா விட்டுப்போச்சுன்னு மூட்டை திரும்பின வீடு. ஜாக்கிரதையா இருக்கா. அதுல என்ன தப்பு?"

அவள் கடைசி ஜோடியை என் மடியில் போட்டாள். உயரமானது, மேலே சிவப்புக் குஞ்சம். குஞ்சம் வைத்தால் அது மாப்பிள்ளை ஜோடி. ஒன்று சரியான ஆம்பிளைக் கால் அளவு. மற்றதன் பாதம் பாதியிலேயே நின்றுபோயிருந்தது. நுனி கூம்பாமல் மொட்டையாக மூடியிருந்தது.

"நூல் தீந்து போயிருக்கும்" என்றேன்.

"ஆம்பளைங்ககிட்டப் பேசினா இப்படித்தான். விரல் நுனியிலதானே பின்ன ஆரம்பிக்கிறோம்? நூல் தீந்தா முழங்கால் பக்கம் குட்டையாகும். இங்க கெண்டைக்கால் முழுசா இருக்கு, குஞ்சம் இருக்கு, பாதம்தான் குட்டை. அளந்து, வேணும்னே குட்டையாக்கியிருக்கா."



"சபையில நான் இதைத் தூக்கிக் காட்டணும். எல்லாரும் சிரிக்கணும். என் புள்ள மூஞ்சி தொங்கணும். அதான் அந்த நவ்ரூஸ்மோ திட்டம். அன்னிக்கு அவளைப் பாத்துச் சிரிச்சாங்கல்ல, அதுக்குப் பதில். இல்லன்னா மந்திரம். பாதி அடிக்கு மேல வைக்காதேன்னு புள்ளைய வீட்டோட கட்டிப்போடுற மந்திரம். இல்லன்னா இந்தப் பொண்ணுக்கே கல்யாணம் பிடிக்கலை."

"கேட்டுப்புடலாமே?"

"எப்படிக் கேக்குறது? பிரிச்சுப் பாத்தேன்னு சொல்லிட்டா?"

அப்படித்தான் மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் வோஷ்தாராவுக்குப் புறப்பட்டோம். காரணம் கேட்டவர்களுக்குச் சொல்ல ஒரு பை உலர்ந்த ஆப்ரிகாட்டும் அக்ரூட்டும் மடியில் இருந்தது. வழியெல்லாம் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் அதே தோண்டல். ஒரு பெண் நிமிர்ந்து எங்கள் வண்டியைப் பார்த்தாள். ஓஷுர்மோ அக்கா எதையும் பார்க்கவில்லை.

"அந்த ஜோடிக்கு அளவு நூல் நீ அனுப்பலையா?" என்று கேட்டேன். மாப்பிள்ளை வீட்டில் ஒவ்வொருவர் பாதத்துக்கும் ஒரு நூலை வைத்து அளந்து, முடிச்சுப் போட்டுப் பெண்ணுக்கு அனுப்புவது வழக்கம்.

"எல்லாருக்கும் நான்தான் அனுப்பினேன். இவனுக்கு மட்டும், 'நானே அனுப்பிக்கிறேம்மா, நீ கவலைப்படாதே'ன்னான். என் புள்ள காலு எனக்குத் தெரியாதா? அப்பவே எனக்கு உறுத்துச்சு. ஆரம்பத்துலேர்ந்து அவனை என்கிட்டேருந்து பிரிக்கிறாங்க."

"அக்கா, உனக்கு உறுத்தாத விஷயம் ஒண்ணு சொல்லு."

"வண்டியைப் பாத்து ஓட்டு."

நவ்ரூஸ்மோ வாசலில் உட்கார்ந்து பெரிய கிழங்கையும் சின்னக் கிழங்கையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒல்லியான நிமிர்ந்த பொம்பளை. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வா ஓஷுர்மோ. மூட்டையைத் திருப்பிக் கொண்டாந்திருக்கியா? வண்டியிலயே இருக்கட்டும். டீ குடிச்சிட்டு எறக்கலாம்."

"என்ன பேச்சு இது? ஆப்ரிகாட் கொண்டாந்தேன். அக்ரூட்டும்."

"எங்க வீட்டுல அக்ரூட் மரம் இல்லன்னு யார் சொன்னா?"

உள்ளே போனோம். சவ்சன் வந்து ஓஷுர்மோ அக்காவின் கையை முத்தமிட்டாள். உப்பும் வெண்ணெயும் போட்ட பால் டீ வந்தது, ரொட்டி வந்தது. சவ்சன் அதிகம் பேசாத பெண். ஆனால் குனிந்துகொண்டும் இருக்க மாட்டாள். நேராகப் பார்ப்பாள். ஓஷுர்மோ அக்கா ரொட்டியைப் பிய்த்து டீயில் போட்டாள், சாப்பிடவில்லை.

"எல்லாருக்கும் பின்னியாச்சா?" என்று ஆரம்பித்தாள்.

"ஒருத்தரும் விட்டுப்போகலை" என்றாள் நவ்ரூஸ்மோ. "இந்தத் தடவை உன் நாத்தனார் செத்தவங்களை எழுப்பி எண்ணினாலும் கணக்கு சரியா இருக்கும்."

"அது பழைய கதை. நான் வர்றதுக்கு முன்னாடி நடந்தது."

"நீ வர்றதுக்காக நடந்தது."

நான் டீயைக் குடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். பொம்பளைகள் பழைய கணக்கைப் பிரிக்கும்போது ஆம்பிளைக்குக் கூரையைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

"மாப்பிள்ளை ஜோடிக்கு அளவு யார் எடுத்தது?" என்றாள் ஓஷுர்மோ அக்கா, ஏதோ மழையைப் பற்றிக் கேட்பதுபோல.

"மாஸ்கோலேர்ந்து வந்துச்சு. இவ அண்ணன் கொண்டாந்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"நீ சும்மா கேக்குற ஆளில்லையே."

"இல்ல... ரெண்டும் ஒரே நீளம்தானான்னு..."

முடிந்தது. சொன்ன பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது. நவ்ரூஸ்மோ கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பிரிச்சுட்டே."

"நான்..."

"பிரிச்சுப் பாத்துட்டே! சபை கூடறதுக்கு முன்னாடி! அன்னிக்கு அவ சபையில வச்சாவது அவமானப்படுத்தினா. நீ திருடி மாதிரி முடிச்சை அவுத்திருக்கே. த்தூ! இந்த வீட்டுப் பொண்ணை உன் வீட்டுக்கு அனுப்பினா என் பேரை மாத்திக்கிறேன்!"

"என் புள்ளைக்கு மொட்டை ஜுராப் பின்னினவ நீ! என்னைத் திருடிங்கிறியா? கை நீட்டி ஒரு நல்ல ஜோடி பின்ன முடியலைன்னா சொல்லு, நான் பின்னிக்கிறேன் என் புள்ளைக்கு!"

"பெரியம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் சவ்சன்.

அவள் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஒரு கொத்து நூலைக் கொண்டுவந்து ஓஷுர்மோ அக்காவின் முன்னால் வைத்தாள். "இது நீங்க அனுப்பினது, அத்தை. இது அவர் அனுப்பினது."

அவன் அனுப்பியது ஒன்றல்ல, இரண்டு. ஒரே முடிச்சில் கட்டிய இரண்டு நூல். ஒன்று நீளம், ஒன்று குட்டை.

"ரெண்டு எதுக்கு?"

"அதை அவரே உங்ககிட்ட சொல்றேன்னார். நான் வாயைத் திறக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

ஓஷுர்மோ அக்கா நீள நூலை எடுத்துத் தன் முஷ்டியைச் சுற்றிப் பார்த்தாள். பாதத்தின் நீளமும் முஷ்டியின் சுற்றளவும் ஒன்றாகத்தான் இருக்கும், பின்னுகிற பொம்பளைகள் எல்லாருக்கும் அது தெரியும். மகனின் காலுக்குத் தன் முஷ்டியும் இன்னும் இரண்டு விரலும் என்று அவள் கைக்குப் பழக்கம். சரியாக இருந்தது. குட்டை நூலைச் சுற்றினாள். முனைகள் ஒன்றையொன்று எட்டவில்லை. மறுபடி சுற்றினாள்.

"எந்தக் காலு?" என்றாள்.

சவ்சன் பெரியம்மாவைப் பார்த்தாள். அப்புறம், "வலது" என்றாள்.

"விரலா?"

"விரலும், அதுக்கு மேல கொஞ்சமும். இரும்பு உத்தரம் விழுந்துருச்சு. அண்ணன்தான் தூக்கிட்டுப் போனான். போன குளிர்காலம்."

"நௌரூஸ் பண்டிகைக்கு லீவு கிடைக்கலைன்னான்" என்றாள் அக்கா, யாரிடம் என்றில்லாமல். "வேலை ஜாஸ்தின்னான். சரிடா கண்ணு, குளிர்ல வெளிய நிக்காதேன்னேன்."

நவ்ரூஸ்மோ தன் பங்குக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ரொட்டித்துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. பெத்தவளுக்குத் தெரியாது."

"அத்தை, அவர் இந்த ரெண்டு நூலையும் அனுப்பி, 'பாத்துட்டு முடிவு பண்ணு. சம்மதம்னா பின்னு. இல்லன்னா நூலைத் திருப்பி அனுப்பிடு, நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்'னார். நான் பின்னிட்டேன். அப்புறம், சபையில காட்ட நீளமா ஒண்ணு பின்னி வச்சிடு, குட்டையைத் தனியா என்கிட்ட கொடுன்னார். அதுக்கு மட்டும் மாட்டேன்னுட்டேன். இல்லாத காலுக்கு நான் பின்ன மாட்டேன்."

ஓஷுர்மோ அக்கா எழுந்தாள். "நாலு பேர் முன்னாடி என் புள்ளைய நொண்டின்னு காட்டணும், அதானே உனக்கு?" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். அவள் டீ ஆறிப்போய் வெண்ணெய் கட்டியிருந்தது.

மலை மடிப்பில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே மட்டும் போனில் சிக்னல் எடுக்கும். "நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். வீடியோவில் மகனைக் கூப்பிட்டாள். ஷொத்மான் ஏதோ கட்டிலில் உட்கார்ந்து சிரித்தான். "அம்மா! எப்படி இருக்கே? கிழங்கு தோண்டியாச்சா?"

"மூஞ்சியைக் காட்டச் சொல்லலை. கேமராவைக் கீழ காட்டு."

"என்னம்மா?"

"காலைக் காட்டுடா."

சிரிப்பு நின்றது. "யார் சொன்னா?"

"உன் ஜுராப் சொல்லுச்சு. காட்டு."

திரையில் கூரை தெரிந்தது, ஒரு விளக்கு தெரிந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. சிக்னல் போனதோ, அவன்தான் அணைத்தானோ. திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி, "பாவி, பாவி" என்று அழுதாள். மகனைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா, தெரியாது. எனக்கும் தாங்கவில்லை. அந்தப் பையன் என் வண்டியில்தான் முதன்முதலாக மாஸ்கோவுக்குப் புறப்பட்டான்.

அதற்கப்புறம் சில நாள் அவள் வெளியே தலை காட்டவில்லை. அவள் வயலில் கிழங்கு அப்படியே கிடந்தது. நானும் என் பெண்டாட்டியும் போய்த் தோண்டிப் போட்டோம். சாக்கை உள்ளே வைக்கப் போனபோது பார்த்தேன். அவள் வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சவ்சனின் நீள ஜுராப். அதைப் பார்த்து அதேபோல இன்னொன்று. சிவப்பு ஒத்துவரவில்லை என்று மூன்றாவது தடவையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு மாட்டேன்னதை நீ பண்றே" என்றேன்.

"என் வீட்டு மானம். நான் காப்பாத்துறேன்."

"மூட்டையைத் திருப்பி அனுப்பலை, அந்த மட்டும் சந்தோஷம்."

"அனுப்பலாமான்னுதான் இருக்கேன்." ஊசியை நிறுத்தினாள். "நல்லா காலு கையோட எத்தனை பையனுங்க இருக்கானுங்க. காரணமில்லாம எவ இவனுக்குச் சரின்னு சொல்வா? பெரியம்மாக்காரி சொல்லிக்கொடுத்திருப்பா. நொண்டி மாப்பிள்ளைன்னா வாழ்நாள் பூரா தலை குனிஞ்சு கெடப்பான், நீ சொன்னதுதான் சட்டம்னு."

"ஒருவேளை அவளுக்கு அவனைப் பிடிச்சிருக்கலாம்."

"பிடிச்சிருந்தா மறைச்சிருப்பா."

"அக்கா, கோவிச்சுக்காதே. சைத்தூனா வாய்க்குப் பயந்துக்கிட்டு நீ மறைக்கிறே. அவ யாருக்கும் பயப்படலை. உன் புள்ள அவகிட்டத் தைரியமா நூலை அனுப்பிருக்கான். உன்கிட்டச் சொல்லத்தான் பயந்துருக்கான். ஏன்னு ஒருநாளாவது யோசிச்சியா?"

அவள் என்னை முறைத்தாள். கண்ணெல்லாம் தண்ணி.

"போ. போய் உன் வண்டியைப் பாரு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று வந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு வந்த ஷொத்மானைக் கோரோக்கிலிருந்து அழைத்து வந்ததும் நான்தான். வண்டியில் ஏறும்போது கதவைப் பிடித்து ஏறினான், உதவிக்குப் போனேன், "வேணாம் மாமா" என்றான். வாசலில் அம்மாவும் பிள்ளையும் ஒருவர் கையை ஒருவர் முத்தமிட்டார்கள். அக்கா அவன் முகத்தை மட்டும் பார்த்தாள். அவன் நடந்தபோது வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"மொதல்ல சாப்பிடு."

அவ்வளவுதான். மூட்டை பிரிக்கிற நாள் வரைக்கும் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை.

அன்று மதியம் வீடு கொள்ளவில்லை. சைத்தூனா நடு மேடையில், சித்தப்பாக்கள் வரிசையாக, கலீஃபா தலைமை இடத்தில். பெண் வீட்டுக்காக நவ்ரூஸ்மோ வந்து, எங்கோ பார்த்துக்கொண்டு, தூண் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பேரை மாற்றிக்கொள்ளவில்லை. சவ்சன் கட்டாயம் போகச் சொன்னாளாம். ஷொத்மான் கதவோரம், காலை உள்ளே மடக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஓஷுர்மோ அக்காவின் ஏப்ரன் பை புடைத்திருந்தது. அதில் என்ன இருந்ததென்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூட்டை நடுவே வந்ததும் சைத்தூனா கண்ணைச் சுருக்கினாள். "இந்த முடிச்சு வோஷ்தாரா முடிச்சு மாதிரி இல்லையே?"

"என் ஜீப்புல குலுங்கினா எந்த முடிச்சும் அப்படித்தான் ஆகும், பெரியக்கா" என்று முந்திக்கொண்டேன். நவ்ரூஸ்மோ முதல்தடவையாக என்னைப் பார்த்தாள்.

பெயர்கள் கூப்பிடப்பட்டன. பெரியவர் முதல் சின்னவர் வரை, அப்பன் பேரும் தாத்தன் பேரும் சொல்லி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பேர்கள் வந்தபோது வீடு அமைதியானது. கடைசிச் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பாவே இவங்களைச் சொல்றதை நிறுத்திட்டார்" என்றார். சைத்தூனாவுக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அது அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

கடைசியில் மாப்பிள்ளை ஜோடி. ஓஷுர்மோ அக்கா மூட்டைக்குள் ஒரு கையை விட்டாள். மற்றக் கை ஏப்ரன் பைக்கு மேல் போய் நின்றது. ஷொத்மான் தலையைத் தூக்கவில்லை.

அவள் பையிலிருந்த கையை எடுத்தாள். சவ்சன் பின்னியதை, இரண்டையும், குஞ்சம் ஆட, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிப் பிடித்தாள்.

"என் மகன் ஷொத்மானுக்கு" என்றாள்.

சைத்தூனாதான் முதலில் பார்த்தாள். "அடியே, ஒண்ணு மொட்டையா இருக்கு! வோஷ்தாராக்காரங்களுக்கு இன்னமும் அளவெடுக்கத் தெரியலையா?"

சின்னப் பிள்ளைகள் சிரித்தன, அவர்களைப் பார்த்துப் பெரியவர்களும். நவ்ரூஸ்மோ பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவளும் வாக்குக் கொடுத்தவள்தானே.

"திருப்பி அனுப்பு ஓஷுர்மோ. அப்பவே நான் சொன்னேன், அந்த வீடு..."

"அளவு சரியாத்தான் இருக்கு, அண்ணி."

"எங்கேடி சரி? கண்ணு தெரியலையா உனக்கு?"

"சரியா இருக்குன்னு சொல்றேன்ல!" அவள் குரல் உடைந்தது, ஆனால் இறங்கவில்லை. "என் மருமக அளந்து பின்னினது. ஒரு நூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஷொத்மான், இங்க வா."

அவன் அசையவில்லை. "அம்மா, வேணாம்" என்று உதடு மட்டும் சொன்னது.

"வாடா."

எழுந்தான். கதவோரத்திலிருந்து மேடை வரை அந்தச் சின்னத் தூரத்தை அவன் நடந்ததை வீடு முழுக்கப் பார்த்தது. சிரித்த பிள்ளைகளின் வாயை யாரோ பொத்தினார்கள். சைத்தூனா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

அம்மாவின் முன்னால் உட்கார்ந்தான். அவள் மடியை விரித்துக் கையை நீட்டினாள். அவன் இடது காலை நீட்டினான்.

"அது இல்லடா கண்ணு" என்றாள் ஓஷுர்மோ அக்கா. "மொதல்ல அந்தக் காலு."